பல்லைப் பிடித்துப் பார்த்தல்

தானம் வந்த மாட்டைத்தான்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
பாஸூ கேட்பதோ இரண்டாயிரத்து நானூறு திர்ஹாம்.
பையிலிருந்து உருப்பெருக்கியை எடுக்கிறேன்.

எர்ஃபூத். காலை ஒன்பது.
எதிர்க்கடையில் பேரீச்சம்பழப் பெட்டிகள் இறங்குகின்றன.
அந்தப் புழுதி இங்கே கண்ணாடி மேசையில் இறங்குகிறது.
முட்டை அட்டையின் குழிகளில்
முட்டைக்குப் பதில் பற்கள்.

"கார்காரோடொன்டோசாரஸ்" என்கிறான்,
மூச்சு வாங்காமல்,
அடுத்த தெருக்காரன் பெயரைச் சொல்வதுபோல.

நாமூரில் பல் கட்டுகிறவள் நான்.
முப்பத்தோரு வருடம்.
எங்கள் தபால் அலுவலகத்தில் சிரிக்கும்
மூன்று பேரில் ஒருவர்
என் மேல்வரிசையால் சிரிக்கிறார்.
பாஸூவுக்கு இதை நான் சொல்லவில்லை.

முதலில் வடிவம்.
உருண்டு, நீளவாக்கில் வரி ஓடி,
விளிம்பு மொழுக்கென்று இருந்தால்
மீன் பிடித்துத் தின்ற ஸ்பைனோசாரஸ் என்று வைத்துக்கொள்ளலாம்.
இது தட்டை. கத்தி.
விளிம்பில் ரம்பம், பல்லுக்கே முளைத்த பல்.
ஐந்து மில்லிமீட்டருக்கு எத்தனை என்று எண்ண வேண்டும்.
பின்விளிம்பில் ஒன்பது.
முன்விளிம்பில் பதினொன்று.
லாரிக்காரன் ஹாரன் அடிக்க, மறுபடி எண்ணினேன்:
பத்து.
விளிம்போரம் எனாமல் சுருங்கியிருக்கிறது,
ஆறின பாலில் ஆடைபோல.

சரி. மேல்பாதிக்கு அவன் சொன்ன பெயர் பொருந்துகிறது.
குடும்பப் பெயராவது.

வேர்தான் உறுத்தியது.
இவ்வளவு நல்ல வேரோடு
எந்தப் பல்லும் என் மேசைக்கு வந்ததில்லை.
நகப்பூச்சு அழிக்கும் திரவம், பஞ்சு,
"அனுமதி உண்டா?"
பாஸூ கூரையைப் பார்த்தான்.
பஞ்சு தேநீர் நிறமானது.
மணல் உதிர்ந்தது, பிறகு
மணலை ஒட்டியிருந்தது உதிர்ந்தது.
கீழே ஒரு கோடு.
கோட்டுக்கு அந்தப் பக்கம்
வேறு யாரோ.
முதலையாக இருக்கலாம். வெறும் எலும்பாகவும்.

கோபம் வந்திருக்க வேண்டும்.
நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்:
செங்காவியிலிருந்து சாம்பலுக்கு
எங்கே மாறுகிறது என்று தெரியாமல் மாறுகிற நிறம்.
என்னிடம் வேலை பழகிய ஏழு பேருக்கும்
கடைசிவரை வராத நிறம்.
"யார் செய்தது?"

திரைக்குப் பின்னிருந்து இட்டோ வந்தாள்,
பாஸூவின் அண்ணன் மனைவி,
விரலிடுக்கில் மெல்லிய தூரிகை.
என் பஞ்சை வாங்கி முகர்ந்தாள்.
திட்டுவாள் என்று நினைத்தேன்.
அவள் மேலங்கிப் பையைத் துழாவி
நகம் அளவு ஒரு பல்லை மேசையில் வைத்தாள்.
ஒட்டு இல்லை. வேரும் இல்லை.

"ராப்டர்" என்றான் பாஸூ. "ஐந்நூறு."
"ராப்டர் இல்லை" என்றாள் இட்டோ.

முன்பக்கம் வளைவு, பின்பக்கம் நேர்.
ரம்பத்தின் நுனிகள் கொக்கிபோலத் திரும்பியிருந்தன.
அபெலிசாராக இருக்கலாம்.
பெரியதன் குட்டியா, சிறியதன் கிழமா?
இது பொருந்தும் தாடையை
இன்னும் யாரும் தோண்டவில்லையோ என்னவோ.
எண்ணினேன், அளந்தேன்,
வெளிச்சத்தில் திருப்பினேன்.
பெயர் கிடைக்கவில்லை.

நுனியில் மட்டும் ஒரு சிறு சாய்வு,
கண்ணாடிபோல வழவழப்பு.
அது உடைந்ததல்ல, தேய்ந்தது.
இதே சாய்வைத் தினமும் பார்க்கிறேன்,
ஒரே பக்கமாக மெல்லுகிறவர்களிடம்.

"ரசீதில் என்ன எழுத?"
"பெயர் தெரியாது என்று எழுதுங்கள்."
பாஸூ பேனாவைக் கீழே வைத்தான்.
பெயர் தெரியாததற்கு
அவனிடம் விலை இல்லை.
இட்டோ தன் மொழியில் ஏதோ சொன்னாள்.
"நூற்றைம்பது" என்றான், வருத்தத்தோடு.

காசு எண்ணும்போது இட்டோ கேட்டாள்:
உங்கள் ஊரில் எந்தப் பசை?
எதற்கென்று இருவருக்கும் தெரியும்.
நான்கு நொடி யோசித்தேன், ஐந்து இருக்கலாம்.
கிழிந்த முட்டை அட்டையின் ஓரத்தில்
கொட்டை எழுத்தில் எழுதினேன்.
நீல விளக்கில் இறுகுவது.
பஞ்சுக்கு மசியாதது.
அந்தக் காலையில்
சந்தேகமில்லாமல் நான் எழுதிக் கொடுத்த ஒரே பெயர்.